பெயர் அழிந்த குப்பி

பழைய இரும்பும் உடைந்த பாத்திரமும் காலிக் குப்பியும் வாங்கி விற்கும் கடையைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் காயலான் கடை என்று அழைப்பர். ஒரு காலத்தில் காயல்பட்டினத்து வணிகர்கள் இத்தொழிலில் முன்னின்றமையால் அப்பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெயர்க்காரணம் எதுவாயினும், நம் சமுதாயத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அக்கடையே சோறு போட்டது என்பதை மறுப்பார் இலர். என் குடும்பமும் அவற்றுள் ஒன்று. நாகர்கோவில் கோட்டாற்றில் என் வாப்பா வைத்திருந்த சிறிய பழைய சாமான் கடைதான் என்னை வளர்த்தது, படிக்கவும் வைத்தது.

படித்தேன். இரசாயனத்தில் பட்டம் பெற்று, 1979ஆம் ஆண்டில் எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் செயல்விளக்குநராகச் சேர்ந்தேன். மாணவர்களுக்குச் சோதனைகளைச் செய்து காட்டுவதும், ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்களுக்குக் கரைசல்களை ஆயத்தம் செய்து கொடுப்பதும், இருப்பறையைப் பேணுவதும் என் வேலைகள். பகலெல்லாம் கல்லூரியில் இருப்பேன். மாலையில் வாப்பாவின் கடையில் கணக்கு எழுதுவேன். காலையில் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியேறும் பொருள் மாலையில் எங்கள் கடைக்கே வந்து சேரக்கூடும் என்ற எண்ணம் அந்நாளில் எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரே பாதையின் இரு முனைகளிலும் நின்றுகொண்டிருந்தேன், பாதையைத்தான் பார்க்கவில்லை.

அக்காலத்தில் காலிக் குப்பிக்கு நல்ல மதிப்பு இருந்தது. இன்றுபோல் பிளாஸ்டிக் மலிந்திராத காலம் அது. வீடுகளிலும் மருந்துக் கடைகளிலும் வாங்கிய குப்பிகளைக் கழுவி, காய வைத்து, அளவுவாரியாகப் பிரித்து அடுக்குவோம். தேங்காயெண்ணெய் விற்பவர், தேன் விற்பவர், காடி விற்பவர் எல்லாரும் வந்து எடுத்துச் செல்வர். எல்லாவற்றிலும் விலை மிகுந்தது ஆய்வுக்கூடத்துக் குப்பிதான். இரண்டரை லிட்டர் கொள்ளும். தடித்த பழுப்புக் கண்ணாடியால் ஆனது. தேய்த்துப் பொருத்திய கண்ணாடி மூடி கொண்டது. உள்ளே வைத்த பொருளை வெளிச்சம் கெடுக்காதிருக்கவே அந்தப் பழுப்பு நிறம். அதே நிறம் உள்ளே என்ன எஞ்சியிருக்கிறது என்பதையும் கண்ணுக்கு மறைத்துவிடும்.

1984ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. இருப்பறையின் கீழ்த்தட்டில் பெயர்ச்சீட்டு இல்லாத குப்பிகள் ஏராளமாகக் கிடந்தன. அமில ஆவி பட்டுத் தாள் மக்கி உதிர்ந்திருந்தது. சிலவற்றில் மை வெளுத்து மஞ்சள் கறை மட்டுமே எஞ்சியிருந்தது. அவற்றை வாங்கி வைத்தவர்கள் ஓய்வு பெற்றோ, மாற்றலாகியோ போய்விட்டார்கள். "எல்லாவற்றையும் காலி செய்துவிடு" என்று உத்தரவாயிற்று. அவ்வாறே செய்தேன். கழுவுதொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாய்ச் சாய்த்தேன். எது எங்கே போகிறது என்று எவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் நகரத்துக் கழிவுநீர் வாய்க்கால்களில் பல பழையாற்றை நாடிச் செல்பவை. பழையாறு சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலோடு கலக்கிறது. அன்று நான் சாய்த்ததில் எவ்வளவு அந்த ஆற்று மீனின் செவுளுக்குள் புகுந்ததோ, படைத்தவனே அறிவான்.

காலியான குப்பிகளைத் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் விலை பேசி எடுத்துச் சென்றார். இரண்டு நாள் கழித்து அவை வாப்பாவின் கடையில் வந்து இறங்கின. பார்த்தபோது எனக்கு வேடிக்கையாகவே இருந்தது.

கடையில் குப்பி கழுவுவதற்கு இடலாக்குடியிலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். தகப்பனை இழந்தவன், பதினான்கு வயது இருக்கும். அஸர் தொழுகை முடிந்து நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்த வேளை, பின்கட்டிலிருந்து அவனுடைய அலறல் கேட்டது. ஓடினேன். சிமென்டுத் தொட்டியருகே முகத்தைப் பொத்திக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தான். காலடியில் ஒரு பழுப்புக் குப்பி கவிழ்ந்து கிடந்தது. அதன் வாயிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. அவனைத் தரையில் கிடத்தி, கண்ணிமைகளைப் பிரித்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். எனக்குத் தெரிந்த ஒன்றை அந்த ஒரு கால் மணி நேரம் மட்டும் சரியாகச் செய்தேன்.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "அந்தக் குப்பியில் என்ன இருந்தது?"

பையன் அறியான். வாப்பா அறியார். பட்டம் பெற்ற நான், "ஏதேனும் அமிலமாக இருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்?" என்றார் டாக்டர். சினத்தோடு சொல்லவில்லை, களைப்போடு சொன்னார். அமிலம் பட்ட கண் ஒரு வகை. காரம் பட்ட கண் வேறு வகை. காரம் இன்னும் ஆழமாக ஊடுருவும். வேறு சில பொருள்களுக்குத் தனி மாற்று மருந்தே உண்டு. பெயர் தெரிந்தால் அரைப் பாதி சிகிச்சை முடிந்தாற்போல. பெயர் தெரியாமையால் அவர் தண்ணீரையும் தம் அனுபவத்தையும் நம்பிச் சிகிச்சை செய்தார். வலக்கண் தப்பியது. இடக்கண்ணில் வெளிச்சம் தெரிவதற்கு மேல் ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுநாள் அந்தக் குப்பியைக் கையில் எடுத்தேன். கழுத்தில் ஒரு சிவப்பு நூல் முறுக்கிக் கிடந்தது. தேய்த்துப் பொருத்திய மூடிகள் ஒன்றுக்கு உரியது மற்றொன்றில் சேராது. ஆகவே மூடியையும் குப்பியையும் நூலால் இணைத்துக் கட்டி வைப்பது என் வழக்கம். அது நான் கட்டிய நூல். அடியில் எஞ்சியிருந்த துளிகளை நீரில் விட்டு, பேரியம் குளோரைடுக் கரைசலைச் சேர்த்தேன். வெண்ணிற வீழ்படிவு இறங்கியது; உப்புத் திராவகத்தில் அது கரையவில்லை. மாணவர்களுக்கு நூறு முறை செய்து காட்டிய சோதனைதான். குப்பியில் இருந்தது கந்தகத் திராவகம். இரண்டு விரற்கடை அளவு அடியில் தங்கியிருக்க வேண்டும். பழுப்புக் கண்ணாடியின் ஊடே எனக்கு அது தெரியவில்லை. முழுவதும் சாய்த்துவிட்டதாக எண்ணி மூடியைச் செருகியிருக்கிறேன். பையன் கழுவுவதற்காக அதில் தண்ணீரை ஊற்றினான். செறிந்த திராவகத்தில் நீர் விழுந்தால் அக்கணமே கொதித்துத் தெறிக்கும். "நீரில் அமிலத்தை விடு, அமிலத்தில் நீரை விடாதே" என்பது ஆய்வுக்கூடத்தில் நுழையும் மாணவனுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கும் பாடம். ஆண்டுக்கு நூறு பேருக்குச் சொன்னேன். எங்கள் கடைப் பின்கட்டில் இருந்த ஒருவனுக்குச் சொல்லவில்லை.

நூலைப் பற்றி எவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. கடையில் நடந்தது தம்முடைய கடையின் பிழை என்றே வாப்பா கருதினார். மருத்துவச் செலவைத் தாமே ஏற்றார். அவன் தாயிடம் சென்று மன்னிப்புக் கேட்டார். அந்த வருத்தத்தோடேயே 1991இல் மறைந்தார். என்னுடைய பிழையைத் தம் தோளில் சுமந்து போன மனிதரிடம் உண்மையைச் சொல்லத் துணியவில்லை என்பதை இங்கே முதன்முதலாக எழுதுகிறேன்.

*

அதன் பிறகு ஆய்வுக்கூடத்தில் என்ன செய்ய முடியும் என்று ஆராயத் தொடங்கினேன். எனக்கு வழிகாட்டியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், வடசேரிப் பொற்கொல்லர்கள். கோயில் நகைகளுக்குப் பெயர்பெற்ற அந்தத் தெருவில் பட்டறைத் தரையைப் பெருக்கிய தூசியைக்கூட எவரும் வெளியே கொட்டமாட்டார்கள். கைகழுவிய நீரையும் தெளியவைத்து அடியில் தங்குவதைச் சேர்த்துவைப்பார்கள். அந்தத் தூசியில் பொன் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்துக் கழிவிலும் ஏதோ இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். பொன்னாயிருந்தால் காக்கிறோம்; நஞ்சாயிருந்தால் கைகழுவுகிறோம். காக்க வேண்டியதற்கு இரண்டாவதுதான் மிகுந்த காரணம் அன்றோ?

முதலில் வெள்ளியில் தொடங்கினேன். உப்புச் சோதனைகளில் செலவாகும் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை அதுவரை தொட்டியில்தான் ஊற்றி வந்தோம். அதைத் தனிக் குப்பியில் சேர்த்துச் சாதாரணச் சமையல் உப்புக் கரைசலை விட்டால் வெள்ளி குளோரைடு தயிர்போல் திரண்டு அடியில் தங்கும். அதனைத் துத்தநாகமும் நீர்த்த கந்தகத் திராவகமும் கொண்டு மீண்டும் வெள்ளியாக்கலாம். பருவத்தின் முடிவில் சாம்பல் நிறத் தூளாக ஒரு சிறு கிண்ணம் வெள்ளி கிடைத்தது. அதைக் கண்ட பிறகுதான் கழிவு என்ற சொல்லுக்குக் கல்லூரியில் மரியாதை பிறந்தது.

அடுத்து, கண்ணாடிக் கலன்களை அலசப் பயன்படும் அசிட்டோனைச் சேர்த்துக் காய்ச்சி வடித்து, மீண்டும் அலசுவதற்கே பயன்படுத்தினோம். கரைப்பான்களைக் குளோரின் சேர்ந்தவை, சேராதவை என இரு கலங்களாகப் பிரித்தோம். ஒன்றாய்க் கலந்தால் மீட்பதும் எரிப்பதும் கடினமாகும். அமிலத்தைச் சயனைடு, சல்பைடு உப்புகளின் அருகே வைப்பதை அறவே நிறுத்தினோம்; அவை கூடினால் எழும் வாயு ஒரு மூச்சில் உயிர் குடிக்கும். வெடியுப்புத் திராவகத்தைக் கரைப்பான் கழிவோடு சேர்த்து மூடிவைத்தால் கலமே வெடிக்கும். நீர்த்த அமிலத்தையும் காரத்தையும் நடுநிலையாக்கிய பின்னரே, அதுவும் கன உலோகம் இல்லாதபோது மட்டும், தொட்டியில் விட்டோம். குரோமியம், பாதரசம், காரீயம் கலந்தவற்றுக்குத் தனிக் கலம். உடைந்த பீக்கரைச் சாதாரணக் குப்பிக் கண்ணாடியோடு விற்பதையும் நிறுத்தினோம். வெப்பம் தாங்கும் அந்தக் கண்ணாடி மற்றதோடு சேர்ந்து உருகாது. உலையில் உருகும் கண்ணாடியையும் கெடுத்துவிடும்.

குப்பிகளுக்கு ஒரு விதி வகுத்தேன். மும்முறை அலசாத குப்பி வெளியே போகக்கூடாது. முதல் அலசல் நீரும் கழிவாகவே கருதப்பட வேண்டும். பழைய சீட்டைச் சுரண்டிவிட்டு, "வெறுமையானது, அலசப்பட்டது" என்று தேதியோடு எழுதிக் கையொப்பமிட வேண்டும். உள்ளிருக்கும் குப்பிகளுக்கோ, பெயரும் தேதியும் வைத்தவர் பெயரும் எழுதி, சீட்டின்மேல் உருக்கிய மெழுகைப் பூச வேண்டும். அமில ஆவி மெழுகைத் தாண்டாது. கேலி செய்தவர்கள் உண்டு. ஒருவர், "எந்தக் குப்பியில் என்ன இருக்கிறதென்று எனக்கு மனப்பாடம், எதற்கு இந்த எழுத்து வேலை?" என்றார்.

அவருக்கு நான் எங்கள் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலரை நினைவூட்டினேன். நூறு செயல்களில் ஒரே வேளையில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை 1907இல் சென்னையில் நிகழ்த்திப் புகழ்பெற்ற பெருமகனார் அவர். அத்தகைய நினைவாற்றலும் 1950இல் அவரோடு மண்ணுக்குள் சென்றது. இன்று நம்மிடம் இருப்பது அவர் எழுதிவைத்தவை மட்டுமே. சதாவதானிக்கே அதுதான் நிலை என்றால், நம்முடைய மனப்பாடம் எம்மாத்திரம்?

*

நினைவை நம்பிய ஆய்வுக்கூடம் என்ன விளைவைச் சந்திக்கும் என்பதை நாடே கண்டது 2010ஆம் ஆண்டில். எங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் பொதிந்த மோனசைட்டு உண்டு. ஆகவே கதிரியக்கம் என்ற சொல் எங்களுக்குப் புதிதன்று. ஆயினும் அவ்வாண்டு ஏப்ரலில் டெல்லியிலிருந்து வந்த செய்தி என்னை உலுக்கிவிட்டது.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் துறையில் காமாக் கதிர் பாய்ச்சும் ஆராய்ச்சிக் கருவி ஒன்று இருந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் கனடாவிலிருந்து தருவித்தது. அதனுள்ளே கோபால்ட் 60. அதைப் பயன்படுத்திய பேராசிரியர் ஓய்வு பெற்றார். 1980களின் நடுப்பகுதிக்குப் பின் கருவி தீண்டுவாரற்றுக் கிடந்தது. துறையில் புதிதாய் வந்தவர்களுக்கு அது ஒரு பழைய இரும்புப் பெட்டி, அவ்வளவே. 2010 பிப்ரவரியில் பயனற்ற சாமான்களோடு அதையும் ஏலத்தில் விட்டார்கள். ஏலம் எடுத்தவர்கள் மாயாபுரி என்னும் பழைய இரும்புச் சந்தையைச் சேர்ந்த வணிகர்கள். காரீயக் கவசத்திற்கு நல்ல விலை உண்டு. எனவே வெட்டிப் பிரித்தார்கள். உள்ளேயிருந்த பளபளப்பான துண்டுகள் கைமாறின. ஒருவர் ஒரு துண்டைத் தம் பணப்பையிலேயே வைத்திருந்தார். உடல் கறுத்தது, முடி உதிர்ந்தது, தோல் வெந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒரு தொழிலாளி அம்மாத இறுதியில் உயிர் நீத்தார். அணுசக்தித் துறையினர் சந்தை முழுவதும் கருவிகளோடு அலைந்து துண்டுகளைத் தேடி எடுத்தனர். பல்கலைக்கழகத் தலைமை தார்மிகப் பொறுப்பை ஏற்று வருத்தம் தெரிவித்தது.

கோபால்ட் 60இன் வீரியம் ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நாற்பது ஆண்டுகளில் அது நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ந்திருக்க வேண்டும். தேய்ந்த அந்த எச்சமே ஓர் உயிரைக் கொள்ளப் போதுமானதாயிற்று. கருவியின் வீரியம் மெல்ல மெல்லக் குறைந்தது. அதன் பெயரோ ஒரே நாளில், ஒருவர் ஓய்வு பெற்ற அன்றே அழிந்துவிட்டது.

பத்திரிகையைப் படித்து முடித்தபோது, மாயாபுரி எனக்குக் கோட்டாறாகவே தோன்றியது. அந்தப் பழைய இரும்புக் கடைகளில் வெட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் எனக்குத் தெரிந்த கைகள்.

வேறு இடங்களை எண்ணிப் பார்த்தாலும் கதை அதே கடையில்தான் போய் முடிகிறது. பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு மருத்துவ நிலையத்தில் கிடந்த புற்றுநோய்க் கதிர்க் கருவியை 1987இல் பழைய இரும்புக்காகக் கழற்றினார்கள். உள்ளிருந்த சீசியம் 137 இருளில் நீலமாய் ஒளிர்ந்தது. அதன் அழகில் மயங்கி உறவினர்க்கெல்லாம் பங்கிட்டார்கள். நால்வர் இறந்தனர், அவர்களுள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைச் சோதிக்க வேண்டியதாயிற்று. நம் கொடைக்கானலிலும், வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் தோய்ந்த உடைந்த கண்ணாடி 2001இல் கண்டுபிடிக்கப்பட்டது மூஞ்சிக்கல்லில் இருந்த ஒரு பழைய சாமான் கடையிலேதான். அதன் பின் ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆய்வுக்கூடமோ மருத்துவமனையோ ஆலையோ, வாசலில் எது பெயரிழந்து வெளியேறினாலும் அதை முதலில் தொடுபவன் எழுத்தறியாத ஒரு ஏழை. பெரும்பாலும் ஒரு சிறுவன்.

டெல்லிச் செய்தி வந்த வாரத்தில் எங்கள் இருப்பறையை மீண்டும் ஒருமுறை அலசினோம். இத்தனை ஒழுங்குக்குப் பிறகும் மேல்தட்டின் மூலையில் பழைய குப்பி ஒன்று அகப்பட்டது. மஞ்சள் படிகங்கள் காய்ந்து மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்தன. பிக்ரிக் அமிலம். நீர் ஊறியிருக்கும்வரை சாதுவானது, உலர்ந்துவிட்டால் வெடிமருந்து. மூடியைத் திருகும் உராய்வே போதும். கை வைக்காமல், அசைக்காமல், அறையைப் பூட்டிவிட்டு உரிய வல்லுநர்களை வரவழைத்தோம். பல ஆண்டுகளாக அதன் கீழே நின்றுகொண்டுதான் நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

*

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் அது நியாயம் ஆகாது. அபாயக் கழிவுகளுக்கென 1989 முதல் நாட்டில் விதிகள் உண்டு. 2016இல் அவை புதுப்பிக்கப்பட்டன. அத்தகைய கழிவைத் தொண்ணூறு நாளுக்கு மேல் சேர்த்துவைக்காமல், கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அனுமதி பெற்ற பொது நிலையங்களுக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது முறை. மருத்துவ, உயிரியல் கூடங்களுக்கு 2016ஆம் ஆண்டு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு நிறங்கள். கிருமி வளர்த்த தட்டுகளை அங்கேயே நீராவி அழுத்தக் கலத்தில் கொன்றபின்னரே வெளியேற்ற வேண்டும். ஊசிகளைத் துளைபடாத வெள்ளைக் கலத்தில் இட வேண்டும். கதிரியக்கப் பொருளை எந்தக் காரணத்தாலும் ஏலத்தில் விடலாகாது. அதைத் தந்தவரிடமோ அணுசக்தித் துறையிடமோ திருப்பிச் சேர்க்க வேண்டும். சோதனைகளையே துளியளவில் செய்யும் முறையும் வந்துவிட்டது. உண்டாகாத கழிவைப் போல் பாதுகாப்பான கழிவு வேறில்லை.

விதி ஏட்டில் இருக்கிறது. ஆனால் குப்பி கையில் இருக்கிறது. விடுமுறைக்கு முதல் நாள் மாலை, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், "இந்தக் கொஞ்சத்தைத் தொட்டியில் ஊற்றினால் என்ன?" என்று தோன்றும் அந்த நொடியில் எந்த அதிகாரியும் பக்கத்தில் நிற்பதில்லை. நமது வழக்கில் அமானிதம் என்றொரு சொல் உண்டு. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அவ்வாறே காத்துத் திருப்பித் தருவதைக் குறிக்கும். பொன்னும் பணமுமே அமானிதம் என்று எண்ணியிருந்தேன். முகமறியாத ஒருவனுடைய கண்ணும் எனக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதை அறிய எனக்குப் பல காலம் பிடித்தது. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் தருமம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முள்ளை எடுத்து அடுத்த தெருவில் போடுவது அகற்றுவது ஆகுமா?

இன்று நம் பிள்ளைகள், குறிப்பாக நம் பெண்மக்கள், பெருந்தொகையாக ஆய்வுக்கூடங்களுக்குச் செல்கிறார்கள். எங்கள் தலைமுறை கனவிலும் காணாத ஆராய்ச்சிகளைச் செய்கிறார்கள், பெருமையாக இருக்கிறது. பெற்றோர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். மதிப்பெண் எத்தனை, கட்டுரை வெளிவந்ததா என்று கேட்கும்போதே இதையும் கேளுங்கள்: "இன்று நீ கழித்தது எங்கே போயிற்று? அதன்மேல் பெயர் எழுதினாயா?" விடை தெரியாமல் பிள்ளை விழித்தால், மறுநாள் தானே போய் விசாரித்து வரும்.

*

பணி ஓய்வு பெற்ற பின் பல ஆண்டுகள் தயங்கி, சென்ற ஆண்டு ஒரு நாள் கோட்டாற்றுக்குச் சென்றேன். அன்றைய பையன் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவர். இதுவரை அவன் என்று எழுதிய கை இனி அவர் என்றே எழுத வேண்டும். அவருக்கென்று சொந்தமாக ஒரு பழைய சாமான் கடை இருக்கிறது. தேநீர் வரவழைத்தார். சிவப்பு நூலின் கதையை ஆதிமுதல் சொன்னேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்; ஏசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

நீண்ட நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அதுலே என்னதான் காக்கா இருந்தது?" என்று கேட்டார்.

நாற்பது ஆண்டுகளாக அவருக்கு அது தெரியாது. எவரும் சொல்லவில்லை, அவரும் எவரிடம் போய்க் கேட்பார்?

"கந்தகத் திராவகம்" என்றேன்.

"பேட்டரியிலே ஊத்துவாங்களே, அதா?"

"அதேதான். அதைவிடச் செறிவானது."

தலையசைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்போ, நான் தண்ணி ஊத்தியிருக்கக் கூடாது" என்றார்.

"கூடாது."

"யாரும் சொல்லித் தரல்லியே, காக்கா."

குற்றம் சாட்டும் குரல் அன்று அது. நடந்ததைச் சொல்லும் குரல். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்தவர், கடையின் ஓரத்தில் மரச்சட்டம் அடித்துத் தனியே ஒதுக்கி வைத்திருந்த ஐந்தாறு குப்பிகளைக் காட்டினார். சீட்டில்லாமல் வந்தவை. பையன்கள் எவரையும் தொடவிடுவதில்லையாம். அவற்றை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். மறுநாள் காலை சோதனைக் குழாய்களையும் கையுறைகளையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குச் சென்றேன்.